கொழும்பில் முதல் தடவை இரத்தம் கொடுக்கப் போகிறவர்களுக்கு

ஹட்டனிலிருந்து வேலைக்கு வந்து கொட்டாஞ்சேனையில் போர்டிங்கில் இருக்கும் தம்பி ஒருவன் போன மாதம் கேட்டான்: “அண்ணா, இரத்தம் குடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. எங்க போறது, என்ன கேட்பாங்க, சிங்களம் சரியா தெரியாட்டி பரவாயில்லையா?” அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் பத்து வருடத்துக்கும் மேலாகக் கொடுத்து வருகிறேன். இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டும் இருக்கிறேன். அந்த இரண்டு தடவையும் எனக்கு நிறையவே கற்றுத்தந்தன.

முதலில் ஒரு விஷயம். இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு, “ஒப்பரேஷன் என்றால் நாங்கள்தான் ஆள் பிடித்துக்கொண்டு போக வேண்டும்” என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. இலங்கையில் 2014ஆம் ஆண்டிலிருந்து இரத்தம் முழுவதும் தாமாக முன்வந்து, காசு வாங்காமல் கொடுப்பவர்களிடமிருந்தே சேர்கிறது. அதே வருடம் உலக இரத்ததானிகள் தினத்தை நடத்தும் நாடாகவும் இலங்கைதான் இருந்தது. பிரசவத்தில் தாய்மார் உயிர் காக்கப் பாதுகாப்பான இரத்தம் என்பதே அந்த வருடத்துத் தொனிப்பொருள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு இரத்தம் இலவசம். பதிலுக்கு இரண்டு பைண்ட் கொண்டு வா என்று உங்களிடம் யாரும் கேட்கக் கூடாது.

இது நடப்பதற்குக் காரணம், யாருக்கு என்று தெரியாமலே முன்கூட்டிக் கொடுத்துவைக்கும் ஆட்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு நாளில் கொழும்பில் இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் ஏராளம். அந்த மனசை நான் மறக்க மாட்டேன். ஆனால் அன்று காலையில் சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஏறிய இரத்தம் அதற்கு முந்திய நாட்களில் யாரோ கொடுத்தது. எடுத்த இரத்தத்தைச் சோதிக்க வேண்டும், பிரிக்க வேண்டும். உடனே எடுத்து உடனே ஏற்ற முடியாது. ஆகவே அவசரச் செய்தி வரும்வரை காத்திருக்காமல் ஒரு சாதாரண நாளில் போங்கள்.

நீங்கள் கொடுக்கலாமா?

அடிப்படை விதிகள் நாலைந்துதான். வயது 18 நிறைந்திருக்க வேண்டும், 60க்குள் இருக்க வேண்டும். எடை 50 கிலோவுக்குக் குறையக் கூடாது. முன்பு கொடுத்திருந்தால் நாலு மாதம் முடிந்திருக்க வேண்டும். ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் எடுக்க மாட்டார்கள். அதை அங்கேயே பார்ப்பார்கள். தேசிய அடையாள அட்டை கட்டாயம் கொண்டு போங்கள். அது இல்லையென்றால் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் போல ஆளை அடையாளம் காட்டும் ஒன்று வேண்டும்.

நாலு மாதம் ஏன் என்று பலர் கேட்பார்கள். போன திரவம் ஓரிரண்டு நாளில் உடம்பில் திரும்பச் சேர்ந்துவிடும். செங்குருதிக் கலங்கள் பழைய அளவுக்கு வரச் சில வாரங்கள் எடுக்கும். இரும்புச்சத்துக்கு மாதக் கணக்கில் தேவை. நம் பெண்களில் பலருக்கு முதலிலேயே இரும்புச்சத்து குறைவு. ஆகவே நாலு மாதம் என்பது உங்களைக் காக்கும் கணக்கு.

பிறகு, “இப்போதைக்கு வேண்டாம், பிறகு வாருங்கள்” என்று சொல்லக்கூடிய காரணங்கள். இது நீண்ட பட்டியல். கொழும்பில் இருக்கும் எங்களுக்கு அடிக்கடி வருகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

தடிமன், காய்ச்சல், வயிற்றோட்டம் இருந்தால் சுகமாகும்வரை பொறுங்கள். அன்டிபயோட்டிக் குளிசை குடித்துக்கொண்டிருந்தால் போகாதீர்கள். குடித்து முடித்த பிறகும் சில நாள் விடச் சொல்வார்கள். டெங்கு வந்து தேறியவர்கள் எப்போது வந்தது என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பல் பிடுங்கியிருந்தால், பச்சை குத்தியிருந்தால், காதோ மூக்கோ குத்தியிருந்தால் அதற்கெல்லாம் தனித்தனிக் காத்திருப்புக் காலம் உண்டு. பச்சைக்கு அது மாதக் கணக்கு. ஊசி சுத்தமானதுதானா என்று உங்களுக்கே தெரியாதபோது, அந்த இரத்தம் ஏறப்போகும் குழந்தைக்கு எப்படித் தெரியும்? நாய் கடித்து விசர்நாய்த் தடுப்பூசி போட்டவர்களும் அதைச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய ஒரு வருடம் வரை ஒத்திவைப்பார்கள்.

இந்தியாவுக்குப் போய் வந்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கார்த்திகையில் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறவர்கள், சென்னைக்குக் கல்யாண உடுப்பு எடுக்கப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பு 2016 செப்டெம்பரில் சான்று கொடுத்தது. அது அப்படியே இருக்க வேண்டுமென்றால் வெளியிலிருந்து இரத்தம் வழியாக அது திரும்ப வரக் கூடாது. மலேரியா ஒட்டுண்ணி செங்குருதிக் கலத்துக்குள்ளேயே வாழ்வது. காய்ச்சல் இல்லாமலும் உடம்பில் இருக்கும். ஆகவே எந்த நாடு, எந்த ஊர், எந்தத் தேதியில் திரும்பி வந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

இளைஞர்களுக்கு இன்னொன்று. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் குளிசை குடிக்கிறீர்களா? முடி கொட்டுவதற்கு ஃபினாஸ்டெரைடு எடுக்கிறீர்களா? அவற்றை நிறுத்தி ஒரு மாதமாவது ஆக வேண்டும். உங்கள் இரத்தம் கர்ப்பிணித் தாய் ஒருவருக்கு ஏறினால் வயிற்றிலிருக்கும் சிசுவின் உறுப்புகளை அந்த மருந்து பாதிக்கலாம். இதை மருந்தென்றே நினைக்காமல் சொல்லாமல் விடுகிறவர்கள் நிறைய.

கர்ப்பமாக இருக்கும்போதும் குழந்தைக்குப் பால் கொடுக்கும் காலத்திலும் கொடுக்கக் கூடாது. இருதய நோய், வலிப்பு, இன்சுலின் போடும் அளவுக்குச் சீனி வருத்தம் உள்ளவர்கள் கொடுப்பதற்கில்லை. ஈரல் அழற்சி பி அல்லது சி, எச்ஐவி உள்ளவர்கள் எப்போதும் கொடுக்கக் கூடாது. பிரஷருக்குக் குளிசை குடிக்கிறவர்கள் தாங்களாகவே “என்னால் முடியாது” என்று முடிவு கட்டிவிட வேண்டாம். குளிசையின் பெயரை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

எங்கே போவது

கொழும்பில் முதன்மையான இடம் நாரஹேன்பிட்டியில், எல்விட்டிகல மாவத்தையில் உள்ள தேசிய இரத்த நிலையம். தேசிய இரத்த மாற்றுச் சேவையின் தலைமை அலுவலகமும் அதுவே. கோட்டையிலிருந்து 103 பஸ் நாரஹேன்பிட்டிக்கு வரும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஓட்டோதான் லேசு. “லே பேங்குவ” என்றால் ஓட்டோக்காரர் யாருக்கும் தெரியும். பெரிய அரச ஆஸ்பத்திரிகளிலும் இரத்த வங்கிகள் இருக்கின்றன. போகும் முன் ஒரு போன் எடுத்து, அன்று எத்தனை மணி வரை எடுப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

இரத்ததான முகாம்கள் இன்னொரு வழி. போயா நாட்களில் விகாரைகளிலும், மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்கள், கோயில்கள், தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், கம்பனிகளிலும் நடக்கும். நாட்டில் சேரும் இரத்தத்தில் பெரும்பகுதி இந்த முகாம்களில்தான் சேர்கிறது. முதல் தடவைக்கு முகாமைவிட நிலையம் நல்லது என்பது என் அபிப்பிராயம். முகாமில் பின்னால் வரிசை நிற்கும். கூட வந்த நண்பர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்தில் வைத்தியரிடம் மனம்விட்டுப் பேசுவது கஷ்டம்.

முதல் நாள் இரவு ஆறு மணித்தியாலமாவது தூங்குங்கள். காலையில் இடியப்பமோ பாணோ ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெறும் வயிற்றில் போகிறவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள். ஆனால் முதல் நாள் நள்ளிரவில் கொத்து ரொட்டி, காலையில் பொரியல் என்று கொழுப்பாகச் சாப்பிட வேண்டாம். இரத்தத்தில் கொழுப்பு கூடினால் பிளாஸ்மா என்ற அதன் திரவப் பகுதி பால் மாதிரி வெளுத்துப் போகும், பயன்படுத்த முடியாது. தண்ணீர் நிறையக் குடியுங்கள். மதுபானம் அதற்கு முந்திய நாளிலிருந்தே வேண்டாம். நோன்பு பிடித்திருக்கும் நாளிலும், கந்தசஷ்டி போன்ற விரத நாளிலும் போக வேண்டாம். புண்ணியத்தை இன்னொரு நாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

படிவம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

உள்ளே போனதும் ஒரு படிவம் தருவார்கள். மூன்று மொழியிலும் உண்டு. கையில் சிங்களப் படிவம் வந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்: “தெமள ஃபோர்ம் எகக் தியெனவாத?” விளங்காத மொழியில் இருக்கும் படிவத்தில் முன்னால் நிற்பவரைப் பார்த்து “இல்லை, இல்லை, இல்லை” என்று கோடு போட்டுக்கொண்டு போவது ஆபத்தான பழக்கம். நம் ஆட்கள் இதைச் செய்வதை நானே பார்த்திருக்கிறேன்.

அதில் வருத்தங்கள், மருந்துகள், பயணங்கள் பற்றிய கேள்விகளுக்குப் பிறகு, ஊசியால் போதைப்பொருள் எடுத்ததுண்டா, ஒருவருக்கு மேற்பட்டவர்களுடன் உடலுறவு உண்டா, பாலியல் தொழிலில் உள்ளவர்களுடன் தொடர்பு உண்டா, ஆணுக்கு ஆணுடன் உறவு உண்டா என்றெல்லாம் வரும். இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் இங்கே இரத்தம் எடுக்க மாட்டார்கள். முதல் தடவை இதைப் படிக்கும்போது முகம் சிவக்கும். ஆனால் இந்தக் கேள்விகள் எதற்கு என்று விளங்கினால் கூச்சம் போய்விடும்.

எடுக்கப்படும் ஒவ்வொரு பையும் எச்ஐவி, ஈரல் அழற்சி பி, ஈரல் அழற்சி சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கப்படுகிறது. “அப்படியென்றால் எதற்குக் கேள்வி? சோதனையில் தெரிந்துவிடுமே” என்பார்கள். தெரியாத நாட்கள் இருக்கின்றன. கிருமி உடம்புக்குள் போன உடனே எந்தச் சோதனையும் அதைக் காட்டாது. சோதனையின் வகையைப் பொறுத்துச் சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை அது மறைந்தே இருக்கும். அந்த இடைவெளியில் சோதனை “இல்லை” என்று சொல்லும், ஆனால் பை நோயைக் கொண்டுபோகும். ஒரு பையைச் செங்குருதிக் கலம், குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்), பிளாஸ்மா என்று பிரிப்பதால் ஒரே பையிலிருந்து இரண்டு மூன்று நோயாளிகளுக்குப் போகலாம். கருவிக்குத் தெரியாத அந்த இடைவெளியை மூடக்கூடியது நீங்கள் சொல்லும் உண்மையான பதில் மட்டும்தான். உங்கள் குணத்தை எடைபோட அங்கே யாரும் இல்லை.

“எச்ஐவி இருக்கிறதா என்று பார்த்ததாகவும் ஆகும்” என்று நினைத்து இரத்தம் கொடுக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். சந்தேகம் இருந்தால் கொழும்பு 10, டி சேரம் பிளேசில் அரசாங்கத்தின் பாலியல் நோய், எயிட்ஸ் தடுப்பு மத்திய கிளினிக் இருக்கிறது. அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள், இரகசியமாக வைத்திருப்பார்கள்.

நான் திருப்பி அனுப்பப்பட்ட கதை ஒன்று இங்கே பொருந்தும். கந்தோரில் முகாம். பெயர் கொடுத்தாயிற்று, கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் போகிறார்கள். நானோ தொண்டை நோவுக்கு அன்டிபயோட்டிக் குடித்து மூன்றாம் நாள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். படிவத்தில் அந்தக் கேள்விக்கு நேரே பேனாவை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். கடைசியில் “ஆம்” என்று போட்டேன். வைத்தியர் பார்த்துவிட்டு, “நல்ல வேலை செய்தீர்கள். இந்த மருந்துக்கு ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு இது போயிருக்கும்” என்றார். கந்தோர் ஆட்கள் “ஏன் எடுக்கவில்லை?” என்று கேட்டபோது “மருந்து குடிக்கிறேன்” என்றேன். அத்தோடு முடிந்தது.

யாராவது கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாலோ, நண்பர்கள் முன்னால் சொல்ல முடியாத காரணம் இருந்தாலோ, வைத்தியருடன் தனியாக இருக்கும்போது மெதுவாகச் சொல்லுங்கள். வெளியே வந்து “பிரஷர் கொஞ்சம் கூட” என்று சொல்லிக்கொள்ளலாம். கொடுத்து முடித்துவிட்டு வீட்டில் போய் யோசித்தாலும் பரவாயில்லை. போன் எடுத்து, பை இலக்கத்தையோ உங்கள் பெயரையும் தேதியையுமோ சொல்லி, “அதைப் பாவிக்க வேண்டாம்” என்றால் எடுத்து வைத்துவிடுவார்கள்.

ஒரு துளி, ஒரு ஊசி

படிவம் முடிந்ததும் எடை, பிரஷர், நாடி. பிறகு விரல் நுனியில் ஒரு சிறு குத்து. ஹீமோகுளோபினைச் சில இடங்களில் கையடக்கக் கருவியால் பார்ப்பார்கள், சில இடங்களில் நீலக் கரைசலில். நீலக் கரைசல் வேறொன்றுமில்லை, மயில்துத்தம். தெளிந்த நீலத் திரவம் உள்ள பாத்திரத்தில் உங்கள் இரத்தத் துளி ஒன்றை மேலிருந்து விடுவார்கள். துளி திரவத்தில் பட்டதும் சிறு சிவப்பு மணி மாதிரி உருண்டு, ஒரு கணம் தயங்கி, பிறகு நேரே அடிக்குப் போகும். அப்படிப் போனால் இரத்தத்துக்குப் போதிய கனம் இருக்கிறது. எனக்கு ஒரு முறை அது பாதி வழி போய், நின்று, மெல்ல மேலே வந்தது. “மகன், கீரை சாப்பிடுங்கள், பிறகு வாருங்கள்” என்றார் தாதி. அதுதான் இரண்டாவது தடவை. முருங்கைக்கீரை, பருப்பு, ஈரல், நெத்தலி என்று மூன்று மாதம் பார்த்துச் சாப்பிட்டேன். சாப்பாட்டோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கத்தையும் விட்டேன். தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. அடுத்த முறை துளி தயங்காமல் இறங்கியது.

ஊசி குத்தும் இடத்தில் ஓர் எறும்புக் கடி அளவு நோவு. ஊசி புதியது, உறை பிரித்து உங்கள் கண் முன்னாலேயே எடுப்பார்கள், ஒருவருக்குப் பாவித்ததை இன்னொருவருக்குப் பாவிப்பதில்லை. கொடுப்பதால் உங்களுக்கு நோய் தொற்ற வழியில்லை. கையில் ஒரு பந்தையோ துணிச் சுருளையோ தந்து அமத்தி அமத்தி விடச் சொல்வார்கள். பை ஒரு தட்டில் இருந்து மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் உறையாமை மருந்தோடு இரத்தம் நன்றாகக் கலக்கத்தான் அந்த ஆட்டம். ஏறக்குறைய 450 மில்லிலீற்றர் எடுக்கப் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தலை சுற்றினால் வீரம் காட்டாமல் உடனே சொல்லுங்கள்: “ஒளுவ கெரகெனவா, மிஸ்.” கால்மாட்டை உயர்த்திவிடுவார்கள், சில நிமிடத்தில் சரியாகும்.

முடிந்ததும் எழும்பி ஓட வேண்டாம். தருகிற குடிபானத்தையும் பிஸ்கட்டையும் சாப்பிட்டு, கால் மணித்தியாலமாவது உட்கார்ந்திருங்கள். பிளாஸ்டரைச் சில மணித்தியாலம் கழற்ற வேண்டாம். அன்று அந்தக் கையால் பாரம் தூக்காதீர்கள், உடற்பயிற்சி நிலையத்துக்குப் போகாதீர்கள். பஸ் ஓட்டுகிறவர்கள், கட்டட வேலையில் உயரத்தில் நிற்கிறவர்கள் வேலை நாளில் கொடுக்காமல் லீவு நாளில் கொடுங்கள்.

அடுத்த சில நாட்களில் உங்களுக்குக் காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் இரத்த வங்கிக்குச் சொல்லுங்கள். பலர் இதைத் தேவையில்லாத வேலை என்று நினைக்கிறார்கள். ஆனால் டெங்கு பருவத்தில் கொழும்பில் அந்த ஒரு போன் அழைப்பு பெரிய உதவி.

பை எங்கே போகிறது

சுருக்கமாகச் சொல்கிறேன். செங்குருதிக் கலங்கள் 2 முதல் 6 பாகை செல்சியஸ் குளிரில், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் இருக்கும். குருதிச் சிறுதட்டுகள் அறை வெப்பத்தில், ஆடிக்கொண்டே, ஐந்து நாள்தான். பிளாஸ்மா உறைநிலையில் ஒரு வருடம் தாங்கும். மஹரகமவில் புற்றுநோய்க்கு மருந்து ஏறும் பிள்ளைக்கு, தலசீமியாவால் மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் ஏற்றியே வாழும் பிள்ளைக்கு, பிரசவத்தில் இரத்தம் போகும் தாய்க்கு என்று அது போய்ச்சேரும். யாருக்குப் போனது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். யார் கொடுத்தது என்று அவர்களுக்கும் சொல்ல மாட்டார்கள்.

கட்டிலின் மறுபக்கத்தில்: உங்கள் வீட்டாருக்கு இரத்தம் ஏறும்போது

இந்தப் பகுதியை யாரும் எங்களுக்குச் சொல்லித் தருவதில்லை. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, “சொந்த இரத்தம்தான் நல்லது” என்ற நம்பிக்கை. அம்மாவுக்கு ஒப்பரேஷன் என்றால் பிள்ளைகள் எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அன்பு பெரிது. ஆனால் இரத்தத்தில் சொந்தம் நெருங்க நெருங்க ஒரு ஆபத்து கூடுகிறது. கொடுத்தவரின் வெண்கலங்கள் நோயாளியின் உடம்பில் தங்கி, அந்த உடம்பையே எதிரியாகப் பார்த்துத் தாக்கும் நிலை ஒன்று உண்டு. அந்நியருடைய கலம் என்றால் நோயாளியின் உடம்பு அதை அடையாளம் கண்டு அழித்துவிடும். பெற்ற பிள்ளையின் கலம், உடன்பிறந்தவரின் கலம் என்றால் “இது நம்ம வீட்டு ஆள்” என்று விட்டுவிடும். அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. கட்டாயம் சொந்தக்காரரின் இரத்தம்தான் என்றால் கதிர்வீச்சு கொடுத்து அந்தக் கலங்களைச் செயலிழக்கச் செய்த பிறகே ஏற்ற வேண்டும். குழந்தை பெறும் வயதில் உள்ள மனைவிக்குக் கணவன் கொடுப்பதும் நல்லதல்ல. அவருடைய கலங்களுக்கு எதிராக மனைவியின் உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருள் பின்னால் வயிற்றுப் பிள்ளையைத் தாக்கலாம். ஆகவே அம்மாவுக்காகக் கொடுக்க ஆசை என்றால் பொதுவாகக் கொடுங்கள், அம்மாவுக்கு வேறு யாரோ கொடுத்தது ஏறட்டும்.

இரண்டாவது, பெயர். இதை ஒவ்வொரு தமிழ் வீடும் அறிந்திருக்க வேண்டும். இரத்தம் ஏற்றுவதில் மிகக் கொடிய பிழைகள் பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் நடப்பதில்லை. குழாயில் தவறான பெயர் ஒட்டுவதிலும் கட்டில் மாறுவதிலும்தான் நடக்கின்றன. குரூப் பொருந்தாத இரத்தம் சில பத்து மில்லிலீற்றர் போனாலே உயிருக்கு ஆபத்து. எங்கள் பெயர்களோ ஒரே வார்டில் இரண்டு சிவகுமார், மூன்று புஷ்பராணி என்று இருக்கும். அடையாள அட்டையில் அப்பா பெயர் முன்னால், ஆஸ்பத்திரித் துண்டில் பின்னால். ஓரிடத்தில் தர்மலிங்கம், இன்னோரிடத்தில் தருமலிங்கம். ஒரு வார்டில் என் சொந்தக்காரர் ஒருவருக்கு இரத்தம் ஏற்ற வந்தபோது, அவருடைய முதலெழுத்து பையின் துண்டில் வேறாக இருந்தது. அவருடைய மகள் கவனித்துச் சொன்னாள். தாதி உடனே நிறுத்தி, பையைத் திருப்பி அனுப்பி, மறுபடி மாதிரி எடுத்தார்கள். விசாரித்தபோது எழுத்துப் பிழைதான், இரத்தம் அவருடையதுதான். இருந்தும் அந்த ஒரு மணித்தியாலத் தாமதம் சரியானது.

ஆகவே அனுமதிக்கும்போதே அடையாள அட்டையில் இருக்கும்படியே பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பீஎச்டீ (BHT, Bed Head Ticket) இலக்கம் உண்டு, கட்டிலில் தொங்கும் அந்த அட்டையில் இருப்பது. இரத்த மாதிரி எடுக்கும்போது குழாயில் பெயரையும் இலக்கத்தையும் அந்தக் கட்டிலருகிலேயே எழுத வேண்டும். இரத்தம் ஏற்றும் முன் இரண்டு பேர் சேர்ந்து பையில் உள்ள பெயர், இலக்கம், குரூப், காலாவதித் தேதி எல்லாவற்றையும் நோயாளியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கே மொழிதான் பெரிய சிக்கல். “நீங்கள்தானே இன்னார்?” என்று சிங்களத்தில் கேட்டால், விளங்காத எங்கள் பாட்டிமார் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். எல்லாக் கேள்விக்கும் அந்தத் தலையாட்டல்தான் பதில்! கேட்கும்போது நோயாளியே வாயால் தன் முழுப் பெயரைச் சொல்ல வேண்டும். வீட்டில் வைத்தே பாட்டிக்குச் சொல்லிக் கொடுங்கள்: “யார் வந்து என்ன கேட்டாலும், ஊசி போட முதல் உங்கட பேரை நீங்களே சொல்லுங்கோ, அம்மம்மா.” அவரால் முடியாத நிலை என்றால் நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள்.

மூன்றாவது, முதல் கால் மணித்தியாலம். பெரிய எதிர்விளைவுகள் பல இந்த நேரத்திலேயே தலைகாட்டும். ஆகவே தொடக்கத்தில் மெதுவாக ஏற்றி, வெப்பநிலையும் பிரஷரும் பார்ப்பார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போனைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். நடுக்கம், காய்ச்சல், உடம்பில் தடிப்பு, நெஞ்சிலோ இடுப்பிலோ நோவு, மூச்சுத் திணறல், சிறுநீர் கறுத்துப் போதல், “எனக்கு என்னவோ செய்கிறது” என்ற பயம், இதில் எது வந்தாலும் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். மூன்று சொற்றொடர் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “ஹுஸ்ம கன்ன அமாருயி” என்றால் மூச்சு எடுக்கக் கஷ்டம், “கஹனவா” என்றால் கடிக்கிறது, “சீதலயி” என்றால் குளிர்கிறது. குழாயை நீங்களாகக் கழற்ற வேண்டாம், அவர்கள் வந்து நிறுத்துவார்கள்.

குளிராக இருக்கிறதென்று பையைச் சுடுதண்ணீரில் வைக்கவோ, சட்டைக்குள் வைத்துச் சூடாக்கவோ கூடாது. கலங்கள் உடைந்து நஞ்சாகிவிடும். குளிரிலிருந்து எடுத்த செங்குருதிப் பையை நாலு மணித்தியாலத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். அதே குழாயில் வேறு மருந்து கலக்கக் கூடாது.

டெங்கு பற்றியும் ஒரு வார்த்தை. சிறுதட்டு எண்ணிக்கை இறங்கியதும் “உடனே ஏ பொசிட்டிவ் தேவை” என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கும். டெங்கில் முதல் ஆபத்து இரத்தக் குழாயிலிருந்து திரவம் கசிவது. எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் சிறுதட்டு ஏற்றுவதில்லை. அப்படிச் செய்தி வந்தால் பகிரும் முன், வார்டு வைத்தியர் உண்மையில் கேட்டாரா, எந்தத் தேதிச் செய்தி என்று பாருங்கள். போன வருடம் சுகமாகி வீட்டுக்குப் போன பிள்ளைக்காக இன்றும் ஆட்கள் போன் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நெகட்டிவ் குரூப் போன்ற அரிய வகை என்றால் வேறு கதை. அந்த வகை உங்களுக்கு இருந்தால் இரத்த வங்கியில் உங்கள் இலக்கத்தைப் பதிந்து வைத்து, கூப்பிடும்போது போங்கள்.

இரத்தம் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், அடுத்த நாட்களில் கண் மஞ்சளானாலோ காய்ச்சல் வந்தாலோ எந்தத் தேதியில், எந்த வார்டில் இரத்தம் ஏறியது என்ற துண்டோடு திரும்பப் போக வேண்டும். அந்தத் துண்டை எறிய வேண்டாம். சுகமாகி, தனக்குக் கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அவர்கள் குறைந்தது ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும். அதன் பிறகு அடையாள அட்டையையும் அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு நாரஹேன்பிட்டிக்குப் போய், படிவத்தில் “எப்போதாவது இரத்தம் ஏற்றியதுண்டா?” என்ற கேள்விக்கு நேரே “ஆம்” என்று போட்டு, தேதியையும் எழுதலாம்.